நிக்காத கம்பிரஷரும் அடைஞ்சு போன நிப்பிளும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை காலமை மாமா கோல் எடுத்தார். "தம்பி, கம்பிரஷர் நிக்குதில்லடா, ஓடிக்கொண்டே இருக்கு, மேல இருக்கிற வால்வு வெடிச்ச மாதிரி பீச்சி அடிச்சிட்டுது, பொடியன் பயந்து ரோட்டுக்கு ஓடிட்டான், நேரம் இருந்தா ஒருக்கா வந்து பாத்திட்டு போ." நான் வேற ஒரு வேலைக்கு வெளிக்கிட்டு நிண்டனான், அத அப்பிடியே விட்டுட்டு நேரா அங்க போனன், ஏனெண்டா சேஃப்டி வால்வு அடிச்சிருக்கு எண்டா பிரஷர் போகக்கூடாத இடத்துக்கு போயிட்டுது எண்டு அர்த்தம், அத "நேரம் இருந்தா" பாக்கேலாது.

மாமாட கராஜ் கொழும்பு கொட்டாஞ்சேனையில, ஜம்பட்டா வீதியில இருந்து உள்ளுக்கு போற ஒரு ஒழுங்கைக்குள்ள. த்ரீவீல் டிங்கரிங், பெயின்டிங், டயர் வேலை. அங்க இருக்கிற காத்து கம்பிரஷர் ரெண்டு ஹோர்ஸ் பவர், சிங்கிள் ஃபேஸ், பெல்ட்டில ஓடுற ரெண்டு சிலிண்டர், 100 லீற்றர் டேங்க். டேங்கில அடிச்சிருக்கிற தகட்டில உச்ச பிரஷர் 10 பார் எண்டு இருக்கு. பிரஷர் சுவிட்ச் 8 பார்ல மோட்டரை நிப்பாட்டி 6 பார்ல திரும்ப போட வேணும், அப்பிடித்தான் வருஷக்கணக்கா ஓடினது.

போய் பாத்தா நான் பயந்ததை விட மோசமா இருந்தது. வேலை நிக்கக் கூடாது எண்டு, பொடியனை சுவரில இருக்கிற சுவிட்ச்சுக்கு பக்கத்தில நிக்க வச்சிருக்கினம், அவன் கேஜை பாத்து பாத்து 8க்கு வந்தா ஓஃப், 6க்கு வந்தா ஓன். எனக்கு நெஞ்சு பதறிட்டுது. உடன ப்ளக்கை கழட்டி கையில வச்சுக்கொண்டு மாமாவுக்கு கணக்கு சொன்னன். அந்த டேங்கிட ரெண்டு பக்க மூடியும் 37 சென்ரிமீற்றர் விட்டம், அதிட பரப்பு கிட்டத்தட்ட 1,075 சதுர சென்ரிமீற்றர், 10 பார் எண்டா ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலயும் பத்து கிலோ சொச்சம் தள்ளுது, அப்ப ஒரு மூடியில மட்டும் பதினொரு தொன் பாரம் வெளிய தள்ளிக்கொண்டு நிக்குது. பொடியன் நிண்டது அந்த மூடிக்கு நேர எதிர. ஒரு கஸ்டமரோட கதைக்க திரும்பினா, ஃபோன் வந்தா, கேஜ் முள்ளு ஒட்டிக்கொண்டா, மிச்சமா இருக்கிறது அந்த சின்ன பித்தளை வால்வு ஒண்டுதான். மாமா ஒண்டும் பேசேல, பொடியனை கூப்பிட்டு "நீ அங்கால போய் அந்த மட்கார்ட்டை தேய்" எண்டார்.

இப்ப முதல் நாள் நான் விட்ட பிழையை சொல்றன், ஏனெண்டா இதே பிழையைத்தான் நிறைய பேர் விடுறதை பாத்திருக்கன். மோட்டர் நிக்குதில்ல, நிப்பாட்ட வேண்டியது பிரஷர் சுவிட்ச், அப்ப சுவிட்ச் பழுது, இவ்வளவுதான் என்ட தலைக்குள்ள ஓடினது. மூடியை கழட்டி பாத்தன், கொண்டக்ட் முனைகள் கருகி குழி விழுந்து இருந்தது, "ஆ இதுதான், ஒட்டிக்கொண்டுட்டுது" எண்டு முடிவு கட்டிட்டன். ஆனா ஒரு விஷயத்தை நான் கவனிச்சும் கவனிக்காம விட்டன். சுவிட்ச்சில இருக்கிற சிவப்பு லீவரை ஓஃப் பக்கம் தள்ளினா மோட்டர் சரியா நிண்டது, மாமாவே அப்பிடித்தான் முதல்ல நிப்பாட்டினவர். கொண்டக்ட் உருகி ஒட்டியிருந்தா லீவரை தள்ளினாலும் மோட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். லீவருக்கு நிக்குது, பிரஷருக்கு நிக்குதில்ல எண்டா கரண்ட் பக்கம் பிழை இல்ல, காத்து பக்கத்தில தேட வேணும். பத்து செக்கன்ட் டெஸ்ட் அது, அதிட பதிலும் கண்ணுக்கு முன்னால இருந்தது.

அந்த சுவிட்ச்சுக்குள்ள பெரிய மந்திரம் ஒண்டும் இல்ல, ஒரு ரப்பர் டயாஃப்ரம், அதுக்கு மேல ஒரு தடிச்ச ஸ்பிரிங். டேங்க் காத்து ஒரு சின்ன ஓட்டையால வந்து டயாஃப்ரத்தை மேல தள்ளும், ஸ்பிரிங் கீழ அமத்தும், காத்து வெண்டா கொண்டக்ட் டக்கெண்டு திறபடும், அதோட பக்கத்தில இருக்கிற குட்டி அன்லோடர் வால்வும் திறபட்டு, சிலிண்டர் தலையில இருந்து டேங்குக்கு வாற பைப்பில நிக்கிற காத்தை வெளிய விடும், அதுதான் நிக்கேக்க கேக்கிற அந்த "புஸ்ஸ்". டேங்கில எவ்வளவு பிரஷர் எண்டு சுவிட்ச்சுக்கு தானா தெரியாது. அந்த ஓட்டையால என்ன வந்து சேருதோ அதைத்தான் அது நம்பும்.

அண்டைக்கே பஞ்சிகாவத்தைக்கு போய் பழைய சுவிட்ச்சை காட்டி, "நானா, இதே மாதிரி ஒண்டு, ஒரு வாய், கால் இஞ்சி" எண்டு வாங்கிக்கொண்டு வந்தன். பழசை கையோட கொண்டு போறது நல்லது, ஒரு வாய் உள்ளதும் இருக்கு நாலு வாய் உள்ளதும் இருக்கு, த்ரெட்டும் மாறும். டேங்க் காத்தை திறந்து விட்டு, கேஜ் பூச்சியம் காட்டின பிறகு பழசை கழட்டினன், கழட்டேக்க மிச்சம் கொஞ்ச காத்து புஸ்ஸெண்டு முகத்துக்கு வந்திச்சு (கேஜ் முள்ளு கீழ் நுனியில சரியா காட்டாது, பூச்சியம் எண்டு நம்பி முகத்தை கிட்ட கொண்டு போகாதீங்க). புதுச பூட்டி, பழசில வயரும் பைப்பும் எப்பிடி இருந்துதோ அப்பிடியே மாத்தி ஓட விட்டன். 8 பார்ல டக்கெண்டு நிண்டது. மாமா சந்தோஷத்தில ப்ளேன்டீயும் மாலு பணிசும் எடுப்பிச்சார். நானும் வேலை முடிஞ்சுது எண்டு வீட்ட போயிட்டன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் திரும்ப கோல். இந்த முறை ரெண்டு குறை. சில நேரம் 8ல நிக்குதாம், சில நேரம் 9ஐ தாண்டி போய்த்தான் நிக்குதாம். பின்னேரங்களில நிண்ட பிறகு திரும்ப எடுக்கேக்க மோட்டர் ம்ம்ம் எண்டு முனகிக்கொண்டு நிக்குதாம், சுத்துதில்லையாம், பிறகு பிரேக்கர் விழுதாம். "புது சுவிட்ச்சும் சரியில்ல போல, கடையில கொடுத்து மாத்துவமோ?" எண்டு மாமா கேட்டார். அந்த கேள்விதான் என்னை யோசிக்க வச்சது. பழசும் புதுசும் ஒரே மாதிரி பிழை செய்யுது எண்டா பிழை ரெண்டுக்கும் பொதுவான இடத்தில இருக்க வேணும். மாமாவிட்ட "ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அதை தொட வேண்டாம், பக்கத்து கராஜில கேட்டு காத்து அடியுங்க" எண்டு சொல்லி ப்ளக்கையே டேப் சுத்தி கட்டி வைக்க சொன்னன்.

ஞாயிறு காலமை லூசியாஸ் கோயில் பூசை முடிஞ்சு சனம் வெளிய வாற நேரம் நான் கராஜ் கதவை திறந்தன். இந்த முறை ஸ்பானருக்கு முதல் கேஜைத்தான் கையில எடுத்தன். என்னட்ட நம்பிக்கையான கேஜ் ஒண்டு இருக்கு, அதை முதல்ல டேங்க் கேஜ் இருந்த இடத்தில பூட்டி ரெண்டையும் ஒப்பிட்டு பாத்தன், வித்தியாசம் 0.2 பார் கூட இல்ல, அப்ப டேங்க் கேஜ் பொய் சொல்லேல. பிறகு சுவிட்ச்சை மட்டும் மெதுவா கழட்டி, அது நிக்கிற நிப்பிளை (டேங்கையும் சுவிட்ச்சையும் இணைக்கிற சின்ன பைப் துண்டு) அசைக்காம, நடுவில கால் இஞ்சி டீ ஒண்டு (T வடிவத்தில மூண்டு வாய் உள்ள இணைப்பு) போட்டு, டீயிட பக்க வாயில என்ட கேஜை பூட்டினன். இப்ப டேங்கில என்ன இருக்கு எண்டு ஒரு கேஜ் சொல்லும், சுவிட்ச்சுக்கு என்ன வந்து சேருது எண்டு மற்ற கேஜ் சொல்லும். வேற எதையும் செய்ய முதல் இதை செய்திருந்தா எனக்கு ஒரு கிழமையும் மாமாவுக்கு ஒரு சுவிட்ச் காசும் மிஞ்சியிருக்கும்.

ப்ளக்கை போட்டு கையை லீவரிலயே வச்சுக்கொண்டு ஓட விட்டன். டேங்க் கேஜ் 3, என்ட கேஜ் 2.5. டேங்க் 5, என்டது 4. டேங்க் 8க்கு வந்தது, என்ட கேஜ் 6.4ல நிண்டு மெல்ல மெல்ல ஊருது. சுவிட்ச் பாவம் அது 6.4 பார் எண்டுதானே நினைச்சுக்கொண்டு நிக்குது, ஏன் நிப்பாட்ட வேணும்? 8.5ல நானே லீவரை தள்ளி நிப்பாட்டினன். மாமாவை கூப்பிட்டு ரெண்டு முள்ளையும் காட்டினன், அவர் கண்ணாடியை கழட்டி துடைச்சு போட்டு பாத்திட்டு "அப்ப சுவிட்ச் நல்லம்" எண்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. ஓட்டை சின்னனா அடைஞ்சிருந்தாலும், அங்கால இருக்கிற இடம் விரல் நுனி அளவுதானே, சில செக்கன்டில பிரஷர் சமன் ஆகியிருக்க வேணும், ஏன் இவ்வளவு நேரம் 6.4ல நிக்குது? சோப் தண்ணியை தூரிகையால சுவிட்ச் த்ரெட்டை சுத்தி பூசினன், கடுகு மாதிரி குட்டி குட்டி நுரை வந்து வந்து உடைஞ்சுது. முதல் நாள் பூட்டேக்க நான் சீல் டேப் சரியா சுத்தாம விட்ட கசிவு, டீ போடேக்கயும் அந்த பழைய டேப்போடயே பூட்டியிருக்கன். அந்த கசிவு தனிய எண்டா பெரிய பிரச்சினை இல்ல. ஆனா உள்ள வாற வழி ஊசி ஓட்டை, வெளிய போற வழியும் ஊசி ஓட்டை எண்டா நடுவில இருக்கிற பிரஷர் எப்பவும் டேங்கை விட குறைவாத்தான் நிக்கும். ரெண்டு சின்ன குறை சேந்து ஒரு ஆபத்தான குறையா மாறின இடம் இது.

காத்தை முழுக்க விட்டு, டேங்க் தண்ணியை வெளிய விடுற ட்ரெயினையும் திறக்க பாத்து (அது திறபடேல, அதுக்கு பிறகு வாறன்), நிப்பிளை கழட்டினன். ரெண்டு இஞ்சி நீள இரும்பு நிப்பிள். வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு உள்ளுக்கு பாத்தா வெளிச்சமே தெரியேல. பென்சில் போற அளவு ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில கருஞ்சிவப்பு களி, புளி கரைச்சு காய விட்ட மாதிரி. சைக்கிள் ஸ்போக் ஒண்டை உள்ள விட்டு இழுத்தன், ஒரு இஞ்சி நீளத்துக்கு அந்த களி அப்பிடியே வந்திச்சு, விரலில வச்சு நசுக்கினா ஒரு பக்கம் எண்ணெய் வழுக்கல், நடுவில மண் மாதிரி துரு நெறுநெறு எண்டது. பிஸ்டனை தாண்டி வாற எண்ணெய் ஆவியும், நிப்பிளிட சொந்த துருவும், ஈரமும் சேந்து உண்டானது. முதல் நாள் பழைய சுவிட்ச்சை கழட்டேக்க முகத்துக்கு அடிச்ச அந்த காத்துத்தான் களியில தற்காலிகமா ஒரு வழி போட்டிருக்கு, அதாலதான் புது சுவிட்ச் ரெண்டு நாள் ஒழுங்கா நிண்டது, பிறகு களி திரும்ப இறங்கி மூடிட்டுது. சுவிட்ச் மாத்தினதால சரி வந்தது எண்டு நாங்க நினைச்சது முழுக்க தற்செயல்.

இதில ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேணும். மாமாட மெஷினில சேஃப்டி வால்வும் டேங்க் கேஜும் டேங்கிலயே தனித்தனி வாயில இருக்கு. இப்ப வாற நிறைய சின்ன கம்பிரஷரில நாலு வாய் சுவிட்ச் போட்டு, கேஜ், சேஃப்டி வால்வு, ரெகுலேட்டர் எல்லாத்தையும் அந்த ஒரே நிப்பிளுக்கு மேலதான் தொங்க விடுறாங்கள். அந்த மாதிரி மெஷினில இந்த நிப்பிள் அடைஞ்சா சுவிட்ச்சுக்கும் தெரியாது, கேஜுக்கும் தெரியாது, சேஃப்டி வால்வுக்கும் தெரியாது. உங்கட கம்பிரஷர் அப்பிடி எண்டா வருஷத்துக்கு ஒருக்காவாவது அந்த நிப்பிளை கழட்டி வெளிச்சத்துக்கு பிடிச்சு பாருங்க, தயவு செய்து.

பழைய சுவிட்ச்சையும் பிரிச்சு பாத்தன். கொண்டக்ட் குழி உண்மைதான், ஆனா பாவிக்க ஏலாத அளவு இல்ல. டயாஃப்ரத்துக்கு கீழ அதே களி, ரப்பர் ஓரத்தில கொஞ்சம் விறைச்சு போய் இருந்திச்சு. எப்பிடியோ இன்னும் ஒரு வருஷத்தில மாத்த வேண்டித்தான் வந்திருக்கும் எண்டு மனசை தேத்திக்கொண்டன்.

இப்ப ட்ரெயின். டேங்க் அடியில இருக்கிற சின்ன வால்வு, மூண்டு தரம் பெயின்ட் அடிச்சதில முழுக்க மூடுண்டு போய் இருந்திச்சு, கடைசியா எப்ப திறந்தது எண்டு கேட்டா மாமா "வாங்கின புதுசில திறந்தம்" எண்டார். பெயின்டை சுரண்டி, டபிள்யூ டி 40 அடிச்சு அரை மணித்தியாலம் விட்டு, டேங்கில ஒரு பார் மட்டும் காத்து ஏத்தி (நிறைய பிரஷரோட திறக்க கூடாது, வால்வே கையோட வந்திடும்) மெல்ல திருப்பினன். முதல் ஒண்டும் வரேல, பிறகு ஒரு துப்பு, பிறகு தேத்தண்ணி நிறத்தில தண்ணி வந்துகொண்டே இருந்தது. இருபது லீற்றர் வாளியில கிட்டத்தட்ட பாதி. நூறு லீற்றர் டேங்கில பத்து லீற்றர் தண்ணி. அதுக்கு பிறகுதான் பெயின்ட் வேலையில அடிக்கடி புள்ளி புள்ளியா கொப்புளம் வாறது எண்டு மாமா ஆறு மாசமா பெயின்ட் கடைக்காரரை ஏசிக்கொண்டு இருந்ததுக்கும் காரணம் விளங்கிச்சு.

கொழும்பில இது சும்மா விடுற விஷயம் இல்ல. 30 பாகை வெக்கையில ஒரு கன மீற்றர் காத்து 30 கிராம் வரைக்கும் நீராவியை பிடிச்சு வச்சிருக்கும். எங்கட ஈரப்பதன் 80 வீதம் எண்டு வச்சா 24 கிராம். இந்த டேங்கை ஒரு தரம் 8 பாருக்கு நிரப்ப 800 லீற்றர் வெளிக்காத்து உள்ள போகுது, அதோட சேந்து 19 கிராம் தண்ணி. ஆனா டேங்குக்குள்ள 100 லீற்றர் இடத்தில ஆவியா நிக்க ஏலுமானது 3 கிராம் மட்டும்தான், மிச்சம் 16 கிராம், அதாவது மூண்டு தேக்கரண்டி, அடியில தண்ணியா விழ வேண்டித்தான் வரும். ஒரு தரம் நிரப்பவே மூண்டு கரண்டி, நாள் முழுக்க ஸ்ப்ரே அடிச்சா எவ்வளவு எண்டு கணக்கு பாருங்க. கடலும் துறைமுகமும் பக்கத்தில, காத்தில உப்பும் இருக்கு, உள்ளுக்குள்ள தகடு என்ன பாடு படும்?

அடுத்தது மோட்டர் முனகல். இதில எனக்கு உண்மையில கோவம் வந்தது. கம்பிரஷர் நிக்கேக்க அந்த "புஸ்ஸ்" வருதோ எண்டு காது குடுத்து கேட்டன், வரேல. அன்லோடர் வால்வுக்கு வாற 6 மில்லிமீற்றர் பைப்பை பிடிச்சு தடவிக்கொண்டு போனா, செக் வால்வு பக்கம் முனையில பைப்புக்குள்ள ஒரு சின்ன ஸ்க்ரூவை இறுக்கி விட்டிருக்கு! ஆரோ வேணுமெண்டே அடைச்சிருக்கினம். மாமாவை கேட்டா, ரெண்டு வருஷத்துக்கு முதல் மெஷின் நிண்ட பிறகும் சுவிட்ச்சில இருந்து காத்து விடாம சீறிக்கொண்டு இருந்ததாம், வேற ஒரு மெக்கானிக் பாஸ் வந்து பத்து நிமிஷத்தில சரி பண்ணிட்டு போனாராம், அதுக்கு பிறகு சத்தம் இல்லையாம். முதல் நாள் நான் "பழசில இருந்த மாதிரியே" மாத்தினதால அந்த ஸ்க்ரூவை நானும் கவனிக்கேல.

நிண்ட பிறகு சுவிட்ச்சில காத்து சீறினா, சத்தம் வாற இடம் சுவிட்ச், ஆனா குறை இருக்கிறது செக் வால்வில. டேங்குக்கு போன காத்து திரும்பி வராம தடுக்கிறது செக் வால்வு. அது சரியா மூடாட்டி டேங்க் காத்து பின்பக்கமா வந்து, திறந்து நிக்கிற அன்லோடரால வெளிய போகும். மூண்டு நாலு செக்கன்ட் புஸ்ஸெண்டு நிண்டா நல்லம், நிக்காம போனா செக் வால்வை பாக்க வேணும். அந்த பைப்பை அடைச்சா சத்தம் நிக்கும், உண்மைதான், ஆனா பிஸ்டனுக்கு மேல 6 பார் காத்து உக்காந்து இருக்க மோட்டர் ஒவ்வொரு தரமும் அதை தள்ளிக்கொண்டுதான் எழும்ப வேணும். போன வருஷம் மாத்திரம் மோட்டர் எழும்ப உதவுற ஸ்டார்ட்டிங் கப்பாசிட்டர் ரெண்டு மாத்தியிருக்கினம், ஏனெண்டு ஒருத்தரும் கேக்கேல.

முனகல் ஏன் பின்னேரத்தில மட்டும் வருது எண்டும் பாத்தன். பின்னேரம் ஆறரைக்கு மல்டிமீட்டர் வச்சா 207 வோல்ட், காலமை 231 இருந்தது. 230க்கு 207 எண்டா பத்து வீதம்தான் குறைவு, ஆனா மோட்டரிட சுத்துற பலம் வோல்ட்டேஜிட வர்க்கத்தோட போகும், அதால பலம் 81 வீதத்துக்கு இறங்கிடும். காலமை எப்பிடியோ தம் பிடிச்சு எழும்பின மோட்டருக்கு பின்னேரம் ஏலாம போயிட்டுது. அந்த நிலையில கொஞ்ச நேரம் முனக விட்டாலே மோட்டருக்குள்ள இருக்கிற வைண்டிங் எரிஞ்சு போகலாம், நல்ல காலம் பிரேக்கர் விழுந்தது.

செக் வால்வை கழட்டி பாத்தன், பித்தளை உடம்பு, உள்ள ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வில்லை. வில்லையில சீட் வளையம் ஆழமா பதிஞ்சு, ஒரு இடத்தில கரி துண்டு ஒண்டு புதைஞ்சு இருந்திச்சு. வாயால பின்பக்கமா ஊதினா சுகமா காத்து போகுது. சுத்தம் செய்து பாவிக்கலாமோ எண்டு யோசிச்சு, வேண்டாம் எண்டு திங்கட்கிழமை குவாரி வீதியில பழசை காட்டி புதுசு ஒண்டு வாங்கினன், கடையிலயே வாயால ஊதி பாத்துத்தான் எடுத்தன், முதல் தந்தது ஊத விட்டுது, ரெண்டாவது தந்ததுதான் சரியா பிடிச்சுது.

பூட்டுற வேலை பெருசா சொல்ல ஒண்டும் இல்ல. இரும்பு நிப்பிளுக்கு பதிலா பித்தளை நிப்பிள் போட்டன், சீல் டேப்பை த்ரெட் இறுகிற பக்கமா சுத்தி, முன்னுக்கு ரெண்டு த்ரெட் விட்டு சுத்தினன், அப்பத்தான் டேப் துண்டு ஓட்டைக்குள்ள போகாது. டீயை கழட்டேல, அந்த ரெண்டாவது கேஜ் அங்கயே நிக்கட்டும் எண்டு விட்டுட்டன், ரெண்டு முள்ளும் வேற வேற காட்டினா நிப்பிள் அடையுது எண்டு பொடியனுக்கே தெரியும். அன்லோடர் பைப் புதுசு, ஸ்க்ரூ இல்லாம.

ஓட விட்டம். நிக்கேக்க "புஸ்ஸ்", மூண்டு செக்கன்ட், பிறகு அமைதி. அந்த சத்தத்தை ரெண்டு வருஷத்துக்கு பிறகு கேட்டதில மாமா முகத்தில ஒரு வெளிச்சம். காத்தை திறந்து விட்டு கீழ பிரஷருக்கு வர விட்டம், மோட்டர் முனகாம ஒரே மூச்சில எழும்பிச்சு, அதுவும் பின்னேரம் ஏழு மணிக்கு. பிறகு எல்லா வாயையும் மூடிட்டு பத்து நிமிஷம் கேஜை பாத்தன், ஒரு பார் இறங்கிச்சு. நூறு லீற்றர் டேங்கில ஒரு பார் எண்டா நூறு லீற்றர் காத்து, பத்து நிமிஷத்தில, அப்ப நிமிஷத்துக்கு பத்து லீற்றர் சும்மா போகுது. சோப் தண்ணி காட்டினது ஹோஸை டக்கெண்டு பூட்டி கழட்டுற குவிக் கப்ளரையும் ஹோஸ் க்ளிப் ஒண்டையும். அதையும் மாத்தின பிறகு பத்து நிமிஷத்தில முள்ளு அசையவே இல்ல.

கடைசியா செட்டிங். மூடிக்குள்ள பெரிய ஸ்பிரிங்கிட நட்டை வலப்பக்கம் திருப்பினா நிக்கிற பிரஷரும் எடுக்கிற பிரஷரும் ரெண்டும் சேந்து ஏறும், சின்ன ஸ்பிரிங் உள்ள சுவிட்ச் எண்டா அது ரெண்டுக்கும் இடையில உள்ள வித்தியாசத்தை மாத்தும். ப்ளக்கை கழட்டிட்டுத்தான் கை வைக்க வேணும், உள்ள 230 வோல்ட் திறந்து கிடக்கு. ஒரு தரத்துக்கு அரை சுத்துக்கு மேல திருப்பாம, ஒவ்வொரு தரமும் ஓட விட்டு பாத்து செய்தன். வித்தியாசத்தை 2 பாருக்கு குறைய விடேல, குறைச்சா மோட்டர் அடிக்கடி நிண்டு எழும்பி சூடாகும்.

எவ்வளவில வைக்கிறது எண்டுறதில மாமாவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். அவருக்கு பழைய 8 வேணும். நான் 6.5ல நிக்க, 4.5ல எடுக்க வச்சன். ஸ்ப்ரே கன்னுக்கு 3 பார் கிட்ட போதும், த்ரீவீல் டயருக்கு முப்பது சொச்சம் பிஎஸ்ஐ, அதாவது 2 பாருக்கு கொஞ்சம் மேல, வீல் நட் கழட்டுற கன் மட்டும் கொஞ்சம் சோர்வா இருக்கும், பொறுக்கட்டும். நான் குறைச்சதுக்கு காரணம் டேங்கிட அடிப்பக்கம். பத்து லீற்றர் தண்ணி எத்தனை வருஷமா அங்க கிடந்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, வெளிய பெயின்ட் பளபளக்குது, உள்ள தகடு எவ்வளவு மிச்சம் எண்டு தட்டி பாத்து சொல்லேலாது. சுத்தியலால மெதுவா தட்டினா பக்கச்சுவர் கணீரெண்டுது, அடியில ஒரு உள்ளங்கை அளவு இடம் மந்தமா கேக்குது. அது துரு படிஞ்சதோ, தகடு மெலிஞ்சதோ, தெரிய வேணும்.

அதால அடுத்த மாசம் ஒரு ஞாயிறு டேங்கை கழட்டி, முழுக்க தண்ணி நிரப்பி, கைப்பம்பால 15 பார் வரை ஏத்தி சோதிக்கிற ஒரு ஆளிட்ட கொண்டு போறதா மாமாவோட கதைச்சு முடிவெடுத்திருக்கம். தண்ணியால செய்யிறது ஏனெண்டா தண்ணி அமுங்காது, தகடு விட்டாலும் ஒரு பீச்சல்தான், காத்தால செய்தா தகடு துண்டு துண்டா பறக்கும். சோதிச்சு வரும் வரைக்கும் 6.5தான் எண்டு சுவிட்ச் மூடியில மார்க்கரால எழுதி வச்சிட்டு வந்தன். ட்ரெயின் வால்வை பொடியன் ஒவ்வொரு நாளும் பூட்டிற நேரம் திறக்கிறான், நேத்து ஃபோட்டோ ஒண்டு அனுப்பினவன், யோகட் கப் ஒண்டுக்குள்ள பாதிக்கு பழுப்பு தண்ணி, "அண்ணே இண்டைக்கு இவ்வளவு" எண்டு.